பாம்பின் கண் வெளுத்தால் பூஞ்சை நோயா? இல்லை

"வளர்ப்புப் பாம்பின் கண் வெளுத்து, தோல் மங்கினால் அது பூஞ்சை நோய், வேப்பெண்ணெய் தடவி மேல்தோலைக் கையால் உரித்துவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அது சட்டை உரிக்கப்போவதன் அறிகுறி. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே நீர் சுரப்பதால்தான் கண் நீலம் பூத்தாற்போல் ஆகிறது. சில நாளில் கண் தெளியும்; அப்புறம் சில நாளில் சட்டை கழன்றுவிடும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு சேர்ந்தே உரியும். அதைப் பிய்த்தால் கண்ணே கெட்டுப்போகலாம், தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் கூண்டில் ஈரப்பதம் போதவில்லை. ஈரப் பாசி (moss) போட்ட பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள். வால் நுனியில் வளையமாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இறுகி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வயிற்றுச் செதில்களில் வரும் பழுப்பு, சிவப்புத் திட்டுகளும் கொப்புளங்களும்தான். கூண்டின் தரை எப்போதும் நசநசவென்று இருந்தால் இவை வரும். உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.எஸ்.டி. கால்நடை மருத்துவக் கையேட்டின் (MSD Veterinary Manual) ஊர்வன பகுதியை இணையத்தில் இலவசமாகவே படித்துச் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வந்த குழுவில் தவறு என்று சொல்லிவிடுங்கள்.