வழக்காடுபவரே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் விந்தை

அரசு ஒப்பந்ததாரர்களைப் பற்றிய அந்தக் கருத்தரங்குக் காணொலியை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள்; எனக்கும் ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஒப்பந்ததாரர்கள் குறைந்த விலைக்கு டெண்டரை எடுத்துவிட்டு லாபத்தை வழக்கில் தேடுகிறார்கள் என்று அதில் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி சொன்னபோது அரங்கமே கைதட்டியது. அவருடைய ஓய்வூதியம் மாதந்தோறும் தவறாமல் வந்து சேர்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. செய்து முடித்த வேலைக்குப் பணம் கேட்டு அலைந்தவர்களின் சார்பில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது ஒன்றுதான். அரசுக்கும் ஒப்பந்ததாரருக்கும் தகராறு வந்தால், தீர்ப்பு சொல்பவரை அரசு மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதில் புரியாதது எதுவுமில்லை. ஆனால், பல்லாண்டுகளாக அரசு ஒப்பந்தங்களில் அந்தந்தத் துறையின் அதிகாரியே நடுவராக, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைப்பவராக, இருந்தார். 2015இல் நடுவர் சட்டத்தைத் திருத்தி, வழக்கின் ஒரு தரப்பில் பணியாற்றுபவர் நடுவராக முடியாது என்றார்கள். கூடவே, தகராறு எழுந்தபின் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் போதும் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். பில் தொகை நிலுவையில் இருக்கும் ஒருவரிடம் அந்தச் சம்மதத்தை வாங்குவது எவ்வளவு எளிது என்று நான் விளக்க வேண்டுமா? ரயில்வே தயாரித்த பெயர்ப் பட்டியலுக்குள்ளேயே ஒப்பந்ததாரர் தம் நடுவரைத் தேட வேண்டும் என்ற முறை சமத்துவத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்ல 2024 நவம்பர் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஜூன் 3 அன்று நிதி அமைச்சகம் வேறு வழி கண்டுபிடித்திருந்தது. பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளுக்கு மட்டும் நடுவர் ஏற்பாடு, மற்றவை சமரசத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகட்டும் என்றது அந்தச் சுற்றறிக்கை. நடுவர் முறையில் காலமும் செலவும் ஆகின்றன, தீர்ப்புகள் இறுதியாவதில்லை என்பவை அதில் சொல்லப்பட்ட காரணங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு ஓடும் பழக்கம் யாருக்கு அதிகம் என்பதை எந்தக் காண்ட்ராக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

என் தந்தை ஒரு ராணுவக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் வேலையை எடுத்திருந்தார். வரைபடத்தில் மண் என்று காட்டியிருந்த இடத்தில் கடப்பாரை இறங்காத பாறை இருந்தது. உடைத்துக்கொண்டே போங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக உத்தரவு வந்தது. செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் பாறையின் கணக்கு பென்சிலில் ஏறியது, மையில் ஏறவேயில்லை. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால்தான் இறுதிப் பில் பாஸாகும் என்றார்கள். ஆட்களுக்குக் கூலி பாக்கி இருந்தது. ஆட்சேபத்துடன் என்று ஓரத்தில் எழுதிவிட்டு அப்பா கையெழுத்திட்டார். நடுவராக வந்தவர் அதே துறையின் அதிகாரி. விசாரணையின் நடுவே அவரும் எதிர்த்தரப்பு அதிகாரியும் பழைய பணியிடத்து நண்பர்களை நலம் விசாரித்துக்கொண்டார்கள். அப்பா கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்தார். பிறகு நடுவருக்கு இடமாற்றம் வந்தது. புதியவர் முதல் தாளிலிருந்து ஆரம்பித்தார். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்திருக்கலாம். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் ராணுவ ஒப்பந்தத் தகராறுகளுக்கென 1949 முதல் ஒரு நிரந்தர மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அரசுத் தரப்பு ஒப்பந்த அதிகாரியின் முடிவு பிடிக்காதவர் 90 நாளுக்குள் அங்கே போகலாம். அதிகாரி முடிவே சொல்லாமல் காலம் கடத்தினால், மறுத்துவிட்டதாகக் கொண்டு போகலாம் என்கிறது அவர்களுடைய 1978ஆம் ஆண்டுச் சட்டம். கோரிக்கை அதிகாரியின் கைக்குப் போன நாளிலிருந்து வட்டி ஓடும். சிறு தொகை வழக்குகளை 120 நாளில் முடிக்கும் வழியும் உண்டு. உடனே சிலர், அந்த வாரியமும் பாதுகாப்புத் துறைக்குள்தானே இருக்கிறது என்பீர்கள். ஆம், இருக்கிறது. ஆனால், அரசு ஒப்பந்தச் சட்டத்தில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களே அங்கே நீதிபதிகள். அதுவே அவர்களுடைய முழுநேர வேலை. இந்த வழக்குக்கு இவர் என்று எதிர்த்தரப்பு அதிகாரி ஆள் பிடித்துத் தர முடியாது. அதற்கு மேலே முறையிட நீதிமன்றமும் உண்டு. எல்லாவற்றுக்கும் அமெரிக்காவைக் காட்டாதே என்பவர்கள், அங்கிருந்து போர் விமானம் வாங்கும்போது இதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஒப்பந்ததாரர்களில் திருடர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், பிடியுங்கள், கறுப்புப் பட்டியலில் சேருங்கள். அதற்காகப் பாறை உடைத்தவனுக்கும் பொய்க் கணக்கு எழுதியவனுக்கும் ஒரே மரியாதையா? மேடையேறி எங்கள் எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் அடக்க அந்த ஓய்வுபெற்ற அதிகாரிக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இவ்வளவு கஷ்டம் என்றால் அரசு வேலையை ஏன் எடுக்கிறீர்கள் என்று அந்தக் காணொலியின் கீழேயே ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். நல்லது. தகராறு வந்தால் எங்கள் ஆள்தான் தீர்ப்பார், பணம் எப்போது வரும் என்று கேட்கக் கூடாது என்று டெண்டர் அறிவிப்பிலேயே அச்சடித்துவிடுங்கள். அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை போடுகிறோம். அந்தக் கூடுதல் தொகை அந்த அதிகாரியின் பையிலிருந்து போகப் போவதில்லை. கைதட்டியவர்கள் கட்டும் வரியிலிருந்துதான் போகும்.