முதலில் சட்டத்தைப் படியுங்கள், அப்புறம் பட்டியல் போடலாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று பதினோரு பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். வீடியோவும் சுற்றுகிறது. ஆமாம், அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான்.

சட்டக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ராணுவ நீதி, குற்றவியல் சட்டம் பற்றி அவசியம் வாசிக்க வேண்டியவை. பதினான்கு தலைப்புகள். தளபதிகளின் நினைவுகள், அமெரிக்க வழக்குகள், போதாததற்கு இரண்டு சினிமா. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் மட்டும் இல்லை. எழுந்து கேட்டேன். "அது பேர் ஆக்ட் மேடம், தூக்கம் வரும்" என்றார் மேடையில் இருந்தவர். அரங்கமே சிரித்தது.

தூக்கம் வருமாம். சரி, எனக்குத் தூக்கம் போன இடங்களைச் சொல்கிறேன்.

116-ஆம் பிரிவு, சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவத்துக்குள்ளேயே நடக்கும் சுருக்க விசாரணை. கமாண்டிங் ஆபீசர், அதாவது படைப்பிரிவின் தலைமை அதிகாரி, ஒருவரே நீதிமன்றம். கூட இரண்டு பேர் இருப்பார்கள், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. அந்த ஆபீசர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம், டிஸ்மிஸும் செய்யலாம். இந்த நீதிமன்றத்தில் ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா? முடியாது. சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.வையும் முடியாது. சிப்பாயிலிருந்து ஹவில்தார் வரைக்கும்தான் இந்த உபசாரம். அதிகாரிகளையும் விசாரிக்கும் ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்றால் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்கார வேண்டும். அந்தப் பதினான்கு தலைப்புகளில் சிப்பாய் ஏன் இல்லை என்று இப்போது புரிகிறதா?

70-ஆம் பிரிவையும் படியுங்கள். ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொலை செய்தாலோ பாலியல் வன்கொடுமை செய்தாலோ கோர்ட் மார்ஷல் விசாரிக்கக் கூடாது. போர்ப்பணி, வெளிநாடு, அரசு அறிவித்த எல்லைக் காவல்நிலை ஆகியவை விலக்கு. குற்றவியல் சட்டமும் ராணுவச் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடமே இதுதான். இதை விட்டுவிட்டு எந்த சினிமாவில் தேடுவீர்கள்?

அப்புறம் 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரஞ்சித் தாக்கூர் வழக்கு. கமாண்டிங் ஆபீசர் தன்னை மோசமாக நடத்துகிறார் என்று மேலதிகாரிகளுக்கு நேராக எழுதிய ஒரு சிக்னல்மேன், அதாவது தகவல்தொடர்புப் பிரிவுச் சிப்பாய். அதற்கு 28 நாள் கடுங்காவல். உள்ளே இருக்கும்போது சாப்பிடச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று அடுத்த குற்றச்சாட்டு. விசாரிக்க உட்கார்ந்தது அதே ஆபீசர். ஓராண்டு சிறை, டிஸ்மிஸ். சாப்பிட மறுத்ததற்கு! உச்ச நீதிமன்றம் ரத்து செய்து அவரைத் திரும்ப வேலையில் சேர்த்தது.

"ஒழுங்கு இல்லாமல் ராணுவம் நடக்குமா?" என்பீர்கள். நடக்காது. நான் சொன்னேனா நடக்கும் என்று? படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எல்லையில் நிற்கும் படைக்குத் தனி நீதிமுறை வேண்டும், விரைவாகவும் நடக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோர்ட் மார்ஷல் தீர்ப்பின் மேல் ஒரு முறையாவது அப்பீல் வேண்டாமா என்று 1982-இலேயே பிரிதி பால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆதங்கப்பட்டது. அந்த அப்பீலுக்கு வழி செய்த ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது 2007-இல். ஒழுங்கு அவசரம், அப்பீல் மெதுவாக வரலாம் போல.

"துப்பாக்கி தூக்காத வக்கீலுக்கு என்ன தெரியும்?" கூட்டம் முடிந்து படிக்கட்டில் ஒருவர் என் காதுபடச் சொன்னது. எங்கள் வேலூர்ப் பக்கம் வந்து பாருங்கள் ஐயா. என் தாத்தா பட்டாளம், பெரியப்பா பட்டாளம், சித்தப்பா பட்டாளம். தேசவிரோதி என்று கமென்ட் போடப்போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டுப் போடவும்.

சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது லீவு முடிந்தும் திரும்பவில்லை. பாட்டிக்குக் காரியம் முடித்துவிட்டுத்தான் போனார். "தப்புன்னு ஒத்துக்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று யாரோ சொன்னார்கள். ஒத்துக்கொண்டார். சீக்கிரம்தான் முடிந்தது, அரை மணி நேரத்தில். டிஸ்மிஸ், பென்ஷன் இல்லை. பிறகு இருபது வருடம் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி வேலை. அங்கே வருகிறவர்கள் மரியாதையாக "மிலிட்டரி" என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

குற்றத்தை ஒத்துக்கொள்வதால் என்ன ஆகும் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிகிறதா எனப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நான் படித்தது வக்கீலாகி நாலு வருடம் கழித்து. தூக்கம் வரும் அதே சட்டத்தின் கீழ் போட்ட விதிகளில்தான்.

போன பொங்கலுக்கு 1954 ராணுவ விதிகளை எடுத்துக்கொண்டு போய் 129-ஆவது விதியைத் தமிழில் சொன்னேன். சம்மரி கோர்ட் மார்ஷலில் நிற்பவர் உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். வக்கீலாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அவர் எழுந்து வாதாட முடியாது, பக்கத்தில் இருந்து யோசனை சொல்லலாம்.

சித்தப்பா கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "யாரை வேணாலுமா பாப்பா? எங்க கிளார்க் தமிழ் ஆளுதான். கூப்பிட்டிருந்தா வந்திருப்பான்."