முற்றத்து ஓட்டை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் பழைய பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் பர்மா தேக்கைத் தட்டிக் காட்டுவார்கள். இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு எல்லாம் சொல்வார்கள். முற்றத்து மூலையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் வீட்டிலேயே பெரிய விஷயம் அதுதான்.

என் அப்பத்தா அப்படி ஒரு வளவு வீட்டில், அதாவது நடுவே முற்றம் வைத்த வீட்டில், முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதல் வேலை, அண்டாக்களை முற்றத்துக்கு உருட்டி வருவது. நான்கு பக்க ஓட்டுக் கூரையும் உள்பக்கம் பார்த்துத்தான் சரியும். விளிம்பில் ஓடும் தகர வாய்க்காலில் சேர்ந்து மூலையில் அருவி மாதிரிக் கொட்டும். உடனே பிடிக்க விடமாட்டார். "முத மழைய விட்ரு அப்பு, அது கூரை குளிச்ச தண்ணி" என்பார். கூரை கழுவி முடிந்ததும் அண்டா வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிடிப்பார்கள். மிஞ்சியது அந்த ஓட்டை வழியே தெரு வாய்க்காலுக்கு, அங்கிருந்து குடிதண்ணீர்க் குளமான ஊருணிக்கு, ஊருணி நிறைந்தால் பாசன ஏரியான கண்மாய்க்கு. தெருவின் சரிவே அதற்காகப் பார்த்துப் போட்டது. ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்து ஊற்றி வைப்பார். விடிந்தால் சேறு அடியில், தெளிவு மேலே.

(எல்லா ஊருணியும் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் பொய். கரையில் குடத்தோடு காத்து நின்று, யாராவது மொண்டு ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்தவர்களும் இதே மண்ணில்தான் வாழ்ந்தார்கள். பழம்பெருமை பேசும்போது இதை மட்டும் மறந்துவிடுகிறோம்.)

போன ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டியதில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாசியில் அதே தெருவில் குடம் இவ்வளவு என்று விலை பேசித் தண்ணீர் வாங்கினோம். வாட்ஸ்அப்பிலோ வழக்கம்போல "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை". சரி, இல்லைதான். ஆனால் அவர்கள் வருஷா வருஷம் மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டினார்கள். நாம் பார்வர்டு பண்ணுகிறோம்.

எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு, சிலருக்குப் பிடிக்காது. பழைய அறிவில் இரண்டு வகை. மழை எப்போது வரும் என்று சொன்னது ஒன்று, வந்த மழையை என்ன செய்வது என்று சொன்னது இன்னொன்று. முதலாவது இப்போது தடுமாறுகிறது. தட்டான் தாழப் பறந்தால் இன்றைக்கும் சாயங்காலம் மழை வரலாம்; பருவக் கணக்கு அப்படி இல்லை. எங்கள் சித்தப்பா புரட்டாசியில் புழுதி விதைப்புப் போடுகிறவர். காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வானம் பார்த்த விவசாயம். போன வருஷம் ஒரு மழை வந்து பயிர் முளைத்தது, அப்புறம் இருபத்திரண்டு நாள் வெயில். முளைத்ததெல்லாம் கருகி, மறுபடி விதை நெல் வாங்கினார். பஞ்சாங்கத்தையும் திட்டினார், செல்போன் செயலியையும் திட்டினார்.

இரண்டாவது வகை அப்படியே நிற்கிறது. சொல்லப்போனால் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை. கடல் சூடேறக் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது. பெய்யும்போது மொத்தமாகப் பெய்கிறது, நடுவில் நீளமாகக் காய்கிறது. இப்படிப்பட்ட மழைக்கு முற்றமும் ஊருணியும் கண்மாயும் தவிர வேறு என்ன பதில் இருக்கிறது? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் வரும். அவ்வளவும் தெருவுக்குத்தான் போகிறது.

2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம். நான் வீடு கட்டியபோது அனுமதிக்காக ஒரு குழாய் வைத்தேன். அதன் மறுமுனை பல வருஷம் தெருவில்தான் கிடந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, என் வீட்டுக் குழாய்தான். 2017-இல் குடிமராமத்து, அதாவது ஊராரே நீர்நிலையைச் செப்பனிடும் முறை, பழைய பெயரோடு திரும்பி வந்தது. எங்கள் கண்மாயில் வண்டல் அள்ளினார்கள், கரை உயர்ந்தது, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்குக்குப் பூச்சுப் பூசினார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தொடவில்லை. தொட்டால் நாலு வீட்டுச் சுவரைத் தொட வேண்டியிருக்கும். வாய் அடைத்த பானையைத் தேய்த்துப் பளபளப்பாக வைத்த கதை. அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. சந்தோஷம். வீட்டைக் காப்பாற்றி, வீட்டுக்கு வெளியே போன தண்ணீர்ப் பாதையில் மனை போட்டு விற்றால் எதைப் பாரம்பரியம் என்று காட்டப்போகிறோம்?

இந்த ஆவணியில் ஆறு பேர் சேர்ந்து வரத்துக்காலில் சீமைக் கருவேலத்தை வெட்ட ஆரம்பித்தோம். கால் எங்கே ஓடியது என்பதில் சண்டை வந்ததால் நில அளவைப் புலப்படம் வாங்கி, டேப் பிடித்து அளந்தோம். மூன்றாவது வீட்டுக்காரர் இரண்டடி உள்ளே வந்திருக்கிறார். ஐந்தாவது வீட்டின் காம்பவுண்டுச் சுவர் மூன்றடி. அது என் வீடு. அம்மா அந்தச் சுவரோரம் முருங்கை வைத்திருக்கிறார், இப்போதுதான் பூவெடுத்திருக்கிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.