சுனிதி சாலமனின் பணி 1986-உடன் முடிந்துவிடவில்லை
1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்ததே மருத்துவர் சுனிதி சாலமனின் வாழ்நாள் சாதனை என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை முடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தக் கண்டுபிடிப்பில் அவருடைய மாணவி நிர்மலாவுக்கும் சரிபாதி உரிமை உண்டு. பாலியல் தொழிலாளர்களிடம் நேரில் சென்று இரத்த மாதிரிகள் எடுத்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, தொற்றைக் கண்டறியும் எலிசா என்ற இரத்தச் சோதனைக்காக வேலூருக்குக் கொண்டுசென்றவர் நிர்மலாதான். சுனிதியின் பெரும்பணி என நான் கருதுவது, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த அவர், 1993-இல் தம் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, யாரும் நெருங்க அஞ்சிய நோயாளிகளுக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்ததுதான். அக்காலத்தில் எச்.ஐ.வி. தொற்றுடன் என் சித்தப்பா சேர்க்கப்பட்டிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், அவருடைய கட்டிலில் தொங்கிய அட்டையில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். செவிலியர் மாத்திரைகளை அவர் கையில் கொடுக்காமல் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். மருந்தைவிட, பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள் வேண்டுமென்றுதான் சித்தப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். தொற்றுள்ளவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்ள வரன் பார்த்துக்கொடுக்கும் அளவுக்கு அவர்களுடைய வாழ்க்கையில் அக்கறை காட்டிய சுனிதியைப் பற்றிய அந்தக் கட்டுரையில், 1993 முதல் 2015-இல் அவர் மறையும்வரையிலான 22 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.