அந்தச் சுனைகளைக் காப்பது யார்?

"தண்ணீர் அதிகம் குடிப்பதால் 10,000 ஒட்டகங்களைச் சுட்டுக் கொல்கிறது ஆஸ்திரேலியா." 2020 ஜனவரியில் வந்த இந்தச் செய்தி இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்தது. கீழே வரிசையாகக் கண்ணீர், சாபம். உயிர் போவதைப் பார்த்து மனசு பதறுவது நல்ல மனசுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் யார் என்பதே அந்தச் செய்தியில் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள்தான் எடுத்தார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் ஏபிஒய் (அந்த மக்களுடைய பெயர்களின் ஆங்கிலச் சுருக்கம்) நிலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் முக்கால்வாசிக்கும் மேல் பரப்பு, ஆனால் சில ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். 1981-ல் தனிச்சட்டம் மூலம் அது அனங்கு மக்களுக்கே திரும்பக் கிடைத்தது. ஒட்டகங்களைச் சுட வந்த ஹெலிகாப்டரும் துப்பாக்கி வீரர்களும் அரசு கொடுத்த உதவி. சரி என்று சொன்னது அந்த மக்களின் நிர்வாக சபை.

ஏன் சொன்னார்கள்? அங்கே வற்றாத ஆறு கிடையாது. பாறையில் இயற்கையாக விழுந்த குழிகளில் மழைநீர் தேங்கும், நம் மலைச்சுனை மாதிரி. சிலது ஒரு அண்டா அளவுதான் இருக்கும். வெயிலில் வற்றாமலும் பிராணிகள் கலக்காமலும் இருக்க, தட்டையான கல்லையோ கிளைகளையோ வைத்து மூடிவிட்டுப் போவது அவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. ஒவ்வொரு சுனைக்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டு. ஆதி மூதாதையர் நடந்து போன தடத்தில் உண்டானவை அவை. அந்தத் தடத்தையும் அதிலிருந்து வரும் சட்டத்தையும் சேர்த்து ஜுகுர்பா என்கிறார்கள். எந்தச் சுனையை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

2019 ஆஸ்திரேலியாவின் பதிவிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு. தாகத்தில் வந்த ஒட்டகங்கள் பாறை மேல் ஏறி, மூடியைத் தள்ளி, கழுத்தை உள்ளே விடுகின்றன. ஒரு ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். பின்னால் வருவது இன்னும் ஆழத்துக்குக் குனிகிறது, கால் சறுக்கி உள்ளே விழுகிறது. ஏற முடியாமல் செத்து, அங்கேயே அழுகுகிறது. அதன் பிறகு அந்தத் தண்ணீர் பறவைக்கும் ஆகாது, பல்லிக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது. பிணத்தை இழுத்துப் போட்டு, சேற்றை வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டுகிற வேலை அந்த ஊர்க்காரர்களுக்கு. சிவகங்கைப் பக்கம் குடிதண்ணீர் ஊருணியில் செருப்புக் காலோடு இறங்கினால் ஊரே திரண்டுவிடும். இவர்களுக்குச் சுனை குடிதண்ணீர், கோயில் இரண்டும்தான்.

ஒட்டகம் அங்கே பிறந்த இனமே இல்லை. பாலைவனத்தில் சுமை தூக்க 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1920-களில் லாரி வந்ததும் காட்டில் அவிழ்த்து விட்டார்கள். பெருகியது. 2009-ல் டாக்கர் ரிவர் என்ற சிற்றூருக்குள் 6,000 ஒட்டகங்கள் நுழைந்து குழாய்களையும் தொட்டிகளையும் உடைத்தன. அந்த வருஷம் தொடங்கி 2013 வரை அரசுத் திட்டம் ஒன்று சுமார் 1,60,000 ஒட்டகங்களைக் குறைத்தது. பிறகும் தீரவில்லை.

பாலைவனப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் இதில் ஒரே மனசு என்றும் சொல்ல முடியாது. பைபிள் கதையில் வருகிற பிராணியை எப்படிக் கொல்வது என்று தயங்கியவர்கள் உண்டு, இவ்வளவு கறி வீணாகிறதே என்று வருந்தியவர்களும் உண்டு. ஏபிஒய் மக்கள் பல வருஷமாக ஒட்டகங்களை மடக்கிப் பிடித்து விற்றுத்தான் வந்தார்கள். அந்தக் கோடையில் கூட்டம் கைமீறிப் போனது. ஜனவரி 8 தொடங்கி 5 நாளில் 5,000-க்கு மேல் சுட்டார்கள். "விற்றிருக்கலாமே" என்று கேட்பவர்கள் அந்தத் தூரத்தை ஒருமுறை வரைபடத்தில் பார்க்க வேண்டும். இறைச்சிக்கூடத்துக்கே பல நூறு கிலோமீட்டர். வறட்சியில் சாகக்கிடக்கிற பிராணியை லாரியில் ஏற்றி அனுப்புவது அதைவிடக் கொடுமை.

அதே 2020-ல், மே மாதம், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் இருந்த பாறைக் குகைகளை ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே கிடைத்த 4,000 ஆண்டுப் பழமையான முடிப்பின்னலின் மரபணு, இன்றைக்கு அங்கே வாழும் மக்களோடு பொருந்தியது. அப்பேர்ப்பட்ட இடம். அதைத் தகர்க்கச் சட்டப்படி அனுமதியும் இருந்தது. ஒட்டகத்துக்காக அழுத என் நண்பர்கள் யாரும் அதைப் பகிர்ந்து நான் பார்க்கவில்லை. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. 1953-ல் தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஈமு ஃபீல்டு என்ற இடத்தில் பிரிட்டன் அணுகுண்டு வெடித்தபோது அனங்கு மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இப்போது தங்கள் தண்ணீரைக் காக்க அவர்களே ஒரு முடிவெடுத்தால், உலகமே நீதிபதி ஆகிவிடுகிறது.

அதே ஏபிஒய் நிலத்தில் வாரு என்ற சின்னப் பாறை வாலபி (கங்காரு இனத்தைச் சேர்ந்தது) கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. அனங்கு பெண்கள் ரேஞ்சர்களாக, அதாவது நிலத்தையும் பிராணிகளையும் காக்கும் பணியாளர்களாக, மலை ஏறி, எச்சத்தையும் தடத்தையும் வைத்து அதைக் கண்காணிக்கிறார்கள். அதைத் தின்னும் நரியையும் காட்டில் திரியும் வீட்டுப்பூனையையும் ஒழிக்கும் வேலையும் அங்கே சேர்ந்தே நடக்கிறது. வேலியடைப்பில் வளர்த்த வாருவை மறுபடி மலையில் விடுகிறார்கள். கொல்வதும் காப்பதும் அவர்களுக்கு ஒரே பொறுப்பு.

வறட்சி முற்றிய பிறகு 5 நாள் ஹெலிகாப்டர் அனுப்புவதை நான் தீர்வாகப் பார்க்கவில்லை. சுனைகளைச் சுற்றி, சின்னப் பிராணிகள் நுழையவும் ஒட்டகம் நுழையாமல் இருக்கவும் தோதான வேலி வேண்டும். மந்தை சின்னதாக இருக்கும்போதே மடக்க வண்டியும் ஆளும் வேண்டும். ரேஞ்சர் வேலை வருஷம் முழுக்கச் சம்பளத்தோடு இருக்க வேண்டும். அரசிடம் கோபப்படுவதென்றால் இதற்குக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.