‘அஸ்ட்ரோ பாய்’ முதல் அனிமேயா?

1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘அஸ்ட்ரோ பாய்’தான் ஜப்பானின் முதல் அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படைப்பு) என்றும், குறைந்த ஓவியங்களைக் கொண்டு அசைவை உருவாக்கும் சிக்கன முறையை அதன் படைப்பாளி ஒசாமு தெசுகாவே கண்டுபிடித்தார் என்றும் ஒரு பதிவு பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

ஜப்பானில் அசைவூட்டக் குறும்படங்கள் 1917இலேயே திரையிடப்பட்டன. 1945இல் முழுநீளப் படமும், 1958இல் தோயி நிறுவனத்தின் முழுநீள வண்ணப்படமும் வெளிவந்துவிட்டன. தொலைக்காட்சியை மட்டும் கணக்கில் கொண்டாலும், ஒதோகி புரொடக்‌ஷனின் சில நிமிடத் தொடர் 1961இலேயே ஒளிபரப்பானது.

சிக்கன முறையோ அமெரிக்காவில் யுபிஏ, ஹன்னா-பார்பெரா ஆகிய நிறுவனங்களால் 1950களிலேயே கையாளப்பட்டது. ஒரே ஓவியத்தைப் பல சட்டகங்களுக்கு நிறுத்தி வைப்பது, முகம் அசையாமலிருக்க வாயை மட்டும் அசைப்பது, வரைந்த காட்சிகளைச் சேமித்து வைத்து வெவ்வேறு அத்தியாயங்களில் மீண்டும் பயன்படுத்துவது ஆகிய உத்திகளை ஒன்றுசேர்த்து, வாரந்தோறும் அரை மணி நேர நிகழ்ச்சியைத் தர முடியும் என்று நடைமுறையில் காட்டியதே தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் செய்த உண்மையான சாதனை. என் பார்வையில் இது ‘முதல்’ என்ற பட்டத்தைவிடப் பெரிது. 1966 இறுதி வரை 193 அத்தியாயங்கள் ஓடிய அத்தொடரே வாராந்திர அனிமேவுக்கு அச்சாக அமைந்தது. எனவே, மிகுந்த செல்வாக்குச் செலுத்திய தொடர் எது என்ற விவாதத்தில் அதற்கு முதலிடம் கோருவோர், அதன் வயதையன்றி அதன் தயாரிப்பு முறையையே சான்றாக வைக்க வேண்டும்.