பங்கு போட முடியாத ஒன்று

"மதம் மட்டும் இல்லாவிட்டால் உலகத்தில் சண்டையே இருக்காது" என்று யாராவது ஆரம்பித்தால் நான் இப்போதெல்லாம் வாதத்துக்குப் போவதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: முப்பதாண்டுப் போரில் ரிஷலியூ எந்தப் பக்கம் நின்றார்?

ஐரோப்பாவில் 1618இல் தொடங்கி 1648இல் முடிந்த அந்தப் போரை கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் நடந்த மதச்சண்டை என்றுதான் பலரும் சொல்வார்கள். ரிஷலியூ கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல். பிரான்ஸ் மன்னரின் தலைமை அமைச்சர். அவர் 1631இல் பணம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது புராட்டஸ்டன்ட் நாடான சுவீடனை. 1635இல் பிரான்ஸ் நேரடியாகவே களமிறங்கி ஸ்பெயினோடு மோதியது. ஸ்பெயினும் கத்தோலிக்க நாடுதான்! களத்தில் செத்தவர்களில் எத்தனையோ பேர் சாமிக்காகச் சாவதாக நம்பியிருப்பார்கள். மேலே உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களின் கவலை வேறு: ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் தங்கள் தலைக்கு மேல் வளர்ந்துவிடக் கூடாது.

மதத்துக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் அவ்வளவு பேரை அவ்வளவு காலம் களத்தில் நிறுத்தியிருக்க முடியாது. நம்பிக்கை ஆள் சேர்த்துக் கொடுக்கும். யார் நம்மாள், யார் வெளியாள் என்று கலாச்சாரம் கோடு போட்டுக் கொடுக்கும். ஆனால் போதும் என்று நிறுத்த விடாமல் சண்டையை இழுத்துக்கொண்டு போவது, தான் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசைதான் என்பது என் எண்ணம்.

அந்தக் கோட்டைப் போடப் பெரிய கலாச்சாரம்கூடத் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை வைத்துச் சில சோதனைகள் நடத்தினார். (அவர் போலந்து யூதர். போர்க்கைதியாக ஜெர்மானியர்களிடம் சிக்கியும் உயிர் பிழைத்தவர். குடும்பத்தை இன அழிப்பில் பறிகொடுத்தவர். இந்தக் கேள்வி அவருக்கு வெறும் ஆராய்ச்சியாக இருந்திருக்காது.) ஒரு சோதனையில் பையன்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது. அப்புறம் காசாக மாறும் புள்ளிகளை மற்றவர்களுக்குப் பங்கிடச் சொன்னார்கள். தனக்கென்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு பட்டியலின் ஒரு முனையில் நம் குழுக்காரனுக்கு 19, எதிர்க்குழுக்காரனுக்கு 25. நடுவில் ஆளுக்கு 13. அதற்கு அடுத்தது நமக்கு 12, அவனுக்கு 11. நம் ஆளுக்கு அதிகம் கிடைக்க வேண்டும் என்றால் 19ஐ எடுக்க வேண்டும். பையன்கள் பெரும்பாலும் 12-11 பக்கம்தான் சாய்ந்தார்கள். கையில் வருவது குறைந்தாலும் சரி, அவனைவிட ஒன்றாவது கூட இருக்க வேண்டும்! எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அதில் பழைய பகை இல்லை, வேதம் இல்லை, மொழி இல்லை, நிலம் இல்லை. முந்தியிருக்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் இருந்தது.

இதே ஆசை படைத்தளபதி ஒருவருக்கு வந்தால் என்ன ஆகும்? 1914க்கு முன்பு ஆஸ்திரியா-ஹங்கேரியின் படைத்தலைமையில் இருந்த கான்ராட் ஃபான் ஹெட்ஸென்டார்ஃப், செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு இன்னொருவரின் மனைவி மீது காதல். பெரிய வெற்றியோடு திரும்பினால் ஊர்வாயை அடக்கி அவரைக் கைப்பிடித்துவிடலாம் என்ற கனவு அவர் எழுதிய கடிதங்களிலேயே இருக்கிறது. முதல் உலகப்போருக்கு இதுதான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் முடிவெடுத்த மேசையில் இதுவும் உட்கார்ந்திருந்தது. வெற்றி வரவில்லை, போர் வந்தது. 1915இல் கல்யாணமும் நடந்தது.

அதே போரின் கடைசி நிமிடத்தில் பெருமையின் இன்னொரு முகம் தெரிகிறது. ஹென்றி குன்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய், ராணுவ வாழ்க்கையைக் குறைசொல்லி ஊருக்கு எழுதிய கடிதம் தணிக்கையில் மாட்டி, சார்ஜென்ட் பதவியை இழந்தவர். அந்த அவமானம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்குப் போர்நிறுத்தம் என்று தெரிந்த பிறகும் எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினார். ஜெர்மானியர்கள் கையசைத்து, போ போ என்று கத்திப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. சுட்டார்கள். மணி 10:59. இறந்த பிறகு சார்ஜென்ட் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒரு பதக்கமும் சேர்த்து.

நிலத்தைப் பாதியாகப் பிரிக்கலாம், ஆற்று நீரை முறைவைத்து விடலாம், பணத்தைத் தவணையில் தரலாம். முதலிடத்தை எப்படிப் பங்கு போடுவது? இஸ்ரேலியக் குடியேறிகளிடமும் பாலஸ்தீனர்களிடமும் நடத்தி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. புனிதமாகக் கருதும் விஷயத்தில் விட்டுக்கொடுங்கள், பணம் தருகிறோம் என்றால் கோபம் கூடியது. எதிர்த்தரப்பு தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுக்கும் என்றபோது குறைந்தது. சமாதானம் பேசப் போகிறவர்கள் பணப்பெட்டியோடு போவது ஏன் பல நேரம் வேலைக்காகாது என்பது எனக்கு இதில்தான் விளங்கியது.

இதையெல்லாம் நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் பண்டைய எகிப்தின் மன்னர் இரண்டாம் ராம்செஸ் என்று தோன்றுகிறது. கி.மு. 1274 வாக்கில் இன்றைய சிரியாவில் இருந்த காதேஷ் நகரில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்களோடு மோதி, உயிர் தப்பியதே பெரிது என்று திரும்பினார். காதேஷ் ஹிட்டைட்களிடமே இருந்தது. ஊர் கிடைக்காவிட்டால் என்ன, தனியாளாகத் தேரில் நின்று எதிரிகளைச் சிதறடிப்பதுபோல் கோயில் சுவர்களில் செதுக்கி வைத்துவிட்டார். சுமார் 15 ஆண்டுகள் கழித்து உடன்படிக்கை வந்தபோதும், சமாதானம் கேட்டு வந்தவர்கள் ஹிட்டைட்கள்தான் என்று எகிப்தியப் பிரதி சொல்கிறது. ஹிட்டைட் மன்னர் ஹத்துசிலி அதற்காகச் சண்டைக்கு வரவில்லை. பிறகு தன் மகளையே ராம்செஸுக்குக் கட்டிக்கொடுத்தார். அந்தக் கல்யாணத்தையும் ராம்செஸ் விடவில்லை: மாமனார் மகளோடு நேரில் வந்து கைதூக்கி வணங்குவதுபோல் எகிப்தின் அபு சிம்பெல் கோயிலில் கல்வெட்டு வைத்தார்.